குதிகாலுக்குக் கீழே தலையணை

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். அத்தான் நலமாக இருக்கட்டும். உன் பாடு உன்னோடு.

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்றே அதைச் செய்துவிட்டேன். நீ விடாமல் கூப்பிட்டதாக எங்கள் கூடைப்பந்து அணி கேப்டன் சொன்னாள். உன்னோடு போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ பத்து சொல்லிவிடுவாய். பி.டி. டீச்சராக இருந்து இருந்து, எதிரில் நிற்கிறவர்கள் எல்லாரும் உனக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளாகத்தான் தெரிகிறார்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இது.

ஸ்கேன் வந்துவிட்டது. இடது முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது. தொடைக்குப் பின்னால் இருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் கட்ட வேண்டுமாம். அதையும் உடனே செய்ய முடியாது. வீக்கம் வற்ற வேண்டும், கால் நேராக நீள வேண்டும், தொடைக்குத் தெம்பு வர வேண்டும். மார்ச் கடைசியில் ஆபரேஷன். பிறகு பழையபடி ஓட ஒரு வருஷம் பிடிக்கலாம்.

தீயணைப்பு வண்டியில் ஏறுகிறவர்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏணியில் ஏறிக் காட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஏறாவிட்டால் வண்டியில் இடம் இல்லை. காலம் பூராவும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான். நிலையத்தில் என்னைப் பல்லி என்று கூப்பிடுவார்கள், ஏணியில் அப்படி ஒட்டிக்கொண்டு ஏறுவேன் என்பதால். இப்போது அந்தப் பல்லி கட்டிலில் மல்லாந்து கிடக்கிறது.

கடைசி நிமிஷம். நான் பந்தோடு எழும்பினேன். துறைமுக அணியின் நெட்டை என் இடுப்பில் கை வைத்துத் தள்ளினாள். நடுவரான நீ விசிலை வாயில் வைத்துக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் நின்றாய். ஊதவில்லை. நான் விழுந்து கத்தின பிறகு ஊதினாய்.

நீ நடுவராக வருவதற்குத் துறைமுக அணி ஏன் சம்மதித்தது தெரியுமா? "அந்த அக்கா ஊதினா எங்களுக்குத்தான் லாபம், தங்கச்சிக்கு ஒண்ணும் குடுக்காது" என்று அவர்கள் கேப்டனே சிரித்தாள். ஊர் சிரிக்கிற அளவுக்கு நேர்மை.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும். நெட்டையின் கையைப் பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. பழம் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே.

தங்கை


பிப்ரவரி 16

தங்கைக்கு,

இங்கே இருவரும் நலம். உன் அத்தான் உன் உடம்பைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். விசாரித்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பள்ளி விளையாட்டு அறையில் உட்கார்ந்து படித்தேன். பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு கையில் இருந்தது, நீ இருந்திருந்தால் அதாலேயே அடித்திருப்பேன். போனில் என் நம்பரைத் தடுக்கத் தெரிகிறது, ஒரு தாவலில் ஒழுங்காக இறங்கத் தெரியவில்லை. ஒற்றைக் காலில் இறங்கினாய். முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு இறங்கினாய். ஏழாம் வகுப்பிலிருந்து தொண்டை கிழியச் சொல்கிறேன், இரண்டு காலிலும் இறங்கு, முட்டியை மடக்கி இறங்கு என்று. காதில் வாங்கினாயா? மேலே போகிறவரைக்கும்தான் உனக்கு அக்கறை. கீழே வருவது அடுத்தவர்கள் பொறுப்பு என்கிற நினைப்பு.

தங்கை என்பதற்காக நான் யாருக்கும் விசில் ஊதுகிறவள் இல்லை. அது உனக்கும் தெரியும், உலகத்துக்கும் தெரியும்.

இப்போது வேலையைப் பார். வீக்கத்துக்கு ஐஸ் வை, துணியில் சுற்றி வை. படுக்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை வைக்காதே. சுகமாகத்தான் இருக்கும், அதனாலேயே நீ வைப்பாய். அப்படி மடக்கியே வைத்திருந்தால் கால் மடங்கினபடியே நின்றுவிடும், டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். குதிகாலுக்குக் கீழே வை. முட்டி அந்தரத்தில் தொங்கட்டும், தன் பாரத்திலேயே நேராகும். வலிக்கும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்.

பழம் வாங்கிக்கொண்டு வருகிற எண்ணம் எனக்கும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன்னோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு முதுகு மட்டும் வலிக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

நான் கேட்டது ஒரு வரி. நீ எழுதியது ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தில் அந்த ஒரு வரி இல்லை.

என்னைக் கட்டுப்பாட்டு அறையில் போட்டுவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு போன், சுவரில் நகரத்தின் வரைபடம், உட்கார்ந்தால் கிறீச்சிடும் ஒரு நாற்காலி. நேற்று ஒரு அம்மாள் கூப்பிட்டு, "பால்கனியில பூனை மாட்டிக்கிட்டிருக்கு, ஏணி எடுத்துக்கிட்டு நீங்களே வாங்கம்மா, உங்க குரல் தைரியமா இருக்கு" என்றாள். என் குரலுக்குத் தைரியம் இருக்கிறது, முட்டிக்குத்தான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. என் இடத்தில் புதிதாக வந்த பெண் ஏறிப் போனாள். ஹெல்மெட் வாரைக்கூட அவளுக்குச் சரியாக மாட்டத் தெரியவில்லை.

தலையணையைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்திருந்தாய். என் முட்டி, என் தலையணை. நீ வைக்காதே என்று எழுதின அன்று ராத்திரியே இரண்டு தலையணையாக முட்டிக்குக் கீழே வைத்துப் படுத்தேன். இத்தனை நாளில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மாவும் உன் பாட்டைத்தான் பாடுகிறார். அவரிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் கூட இருக்கப்போகிறவர் யார் என்று கேட்டார்கள். ஆள் இல்லாமல் சேர்க்கமாட்டார்களாம். எங்கள் கேப்டன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். உறவு என்ன என்று கேட்டார்கள். அக்கா மாதிரி என்றேன்.

தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

நலம், நலமறிய அவசியமில்லை. முட்டிக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துச் சுகமாகத் தூங்குகிறவளுக்கு என்ன குறை?

உனக்கு இருக்கிற கொழுப்பை எடுத்து அந்த முட்டிக்குள் வைத்துத் தைத்தால் ஆபரேஷனே தேவைப்படாது. என்னைப் பழிவாங்க உனக்கு வேறு உறுப்பே கிடைக்கவில்லையா? என் போட்டோவைச் சுவரில் மாட்டி அடி, செருப்பால் அடி, கேட்கமாட்டேன். அந்தத் தலையணையை எடு.

கேப்டன் நல்ல பெண். அக்கா மாதிரி என்றாயே. மாதிரியோடு நிறுத்திக்கொள். அவளுக்கு ராத்திரி குறட்டை உண்டு, விளையாட்டு முகாமில் பக்கத்து அறையில் படுத்துப் பார்த்திருக்கிறேன்.

நீ எக்கேடு கெட்டால் எனக்கென்ன. தலையணையை எடு.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

உனக்கு இருப்பது நாக்கா, கரிநாக்கா? நலம் கேட்டு எழுத இன்று எனக்கு மனம் வரவில்லை. அத்தானுக்கு மட்டும் வணக்கம்.

நேற்று ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. முந்தாநாள் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் மேஜையின் ஓரத்தில் தொங்கவிடச் சொல்லிப் பார்த்தார். வலது கால் கீழே நேராகப் போயிற்று. இடது கால் கொக்கி மாதிரி மேலே நின்றது. பிசியோ அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த மேஜைக்குள்ளேயே புதைந்து போயிருக்கலாம். "இந்தக் காலை இப்ப வெட்டினா ஆயுசுக்கும் இப்படியே நின்னுரும்மா. நேராக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். தேதியை எடுத்துவிட்டார்கள். புதுத் தேதி கிடையாது, கால் நேரானால் பார்க்கலாம்.

ஸ்டேஷன் ஆபீசர் கூப்பிட்டு நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். எங்கள் நிலையத்தில் அவர் நாற்காலி கொடுத்தால் கெட்ட சேதி என்று அர்த்தம். "கட்டுப்பாட்டு அறையில உங்க குரல் எடுப்பா இருக்கு. அங்கேயே நிரந்தரமாப் போட்டுடலாமான்னு மேலே கேக்கறாங்க" என்றார். ஒரு வருஷம் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன். கெஞ்சினேன் அக்கா. நான்.

இதற்கெல்லாம் நீதான் காரணம். நீ வைக்காதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தத் தலையணையை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தும் எழுதினாய்.

முட்டியில் அடி எப்படிப் பட்டது என்று டாக்டரிடம் கேட்டேன். ஸ்கேனைப் பார்த்து அவர் ஒன்று சொன்னார். அதை உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

இருவரும் நலம். அத்தானின் முதுகு பரவாயில்லை.

உன் கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நடந்தது நல்லதுக்குத்தான். இந்த ஏணி, குழாய், புகை எல்லாம் உனக்கு ஒத்துவராது என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. வெயில் படாத அறை, கிறீச்சிட்டாலும் ஒரு நாற்காலி, யாராவது பூனைக்காகக் கூப்பிட்டால் பதில் சொல்வது. வயதாக ஆக உனக்கு அதுதான் தோது. அந்தப் புதுப் பெண் பாவம், வாரை மாட்டப் பழகிக்கொள்வாள்.

காலை நேராக்குகிற பயிற்சி எல்லாம் உன்னால் ஆகிற காரியம் இல்லை. குதிகாலுக்குக் கீழே தலையணை வைத்து முட்டியைத் தொங்கவிட்டுக் கிடப்பதற்குப் பொறுமை வேண்டும், நீ சோறு ஆறுவதற்குக்கூடப் பொறுக்கமாட்டாய். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்கி அமுக்க வேண்டும், அதற்கு ரோஷம் வேண்டும். என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதே பயிற்சியை ஒரு முனகல் இல்லாமல் செய்தது. உன்னால் முடியாது. எழுதி வைத்துக்கொள். மே மாதம் வரும்போதும் உன் கால் கொக்கியாகத்தான் இருக்கும், துணி காயப்போடலாம்.

டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதாவிட்டால் எனக்குப் புரியாதா? முட்டியில் யாரும் மோதவில்லை, இறங்கும்போது தானாகத் திருகிக்கொண்டது என்றிருப்பார். உனக்குப் பிடித்ததைச் சொல்லியிருந்தால் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பாயே.

அக்கா


ஏப்ரல் 19

எட்டாம் வகுப்புப் பிள்ளையின் டீச்சருக்கு,

பரம சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு இந்தக் கடிதம் ஒரு குந்தகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

துணி காயப்போட இனி வேறு இடம் பார். கால் நேராகிவிட்டது. இன்று பிசியோ அம்மா குப்புறப் போட்டுப் பார்த்தார், இரண்டு குதிகாலும் சமமாக நின்றன. அவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு உங்களுக்கு, ராட்சசி மாதிரி செஞ்சிருக்கீங்க" என்றார். ஒரு ராட்சசியிடம் திட்டு வாங்கினேன், அதனால் என்றேன்.

கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்துக்கொண்டே செய்தேன். எதிரில் இன்னொரு நாற்காலி, அதன்மேல் குதிகால், நடுவில் முட்டி அந்தரத்தில். வலியில் கண்ணில் தண்ணீர் வரும், அப்போது பார்த்து போன் அடிக்கும். "தீயணைப்பு நிலையம், சொல்லுங்க" என்று நான் சொன்ன தொனியில் ஒரு ஆள் பயந்து வைத்துவிட்டார். வலி பொறுக்காதபோதெல்லாம் உன் முகத்தை நினைத்துக்கொண்டேன். அந்த முகம் "உன்னால் முடியாது" என்று சொல்லும். வலி பறந்துவிடும்.

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். மீதியையும் கேட்டுக்கொள். "காத்துல இருக்கறப்ப இடுப்புல லேசாத் தள்ளினாக்கூடப் போதும்மா, இறங்கற கால் இப்படித்தான் திருகும்" என்றார். ஆக, இறங்கினது நான். தள்ளினது நெட்டை. பார்த்துக்கொண்டு நின்றது நீ. இல்லை, பார்க்கவே இல்லையா? இப்போதும் அந்த ஒரு வரியைக் காணோம்.

கேப்டன் ஒரு சேதி சொன்னாள். பிப்ரவரிக்குப் பிறகு நீ எந்தப் போட்டிக்கும் நடுவராகப் போகவில்லையாமே. மாவட்டப் போட்டிக்குக் கூப்பிட்டும் வரவில்லையாமே. காய்ச்சலாக இருந்தாலும் விசிலோடு போய் நிற்கிற ஆள் நீ. என்ன விஷயம்?

தங்கை


மே 3

தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா, அடுத்து மைதானத்துக்குக் கோடு போடுகிற வேலை, அதன்பிறகு அத்தானுக்குக் காய்ச்சல். இப்போது தேறிவிட்டார்.

கால் நேராகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் நேராகும், மறுநாள் மடங்கும். நேராக்கினது பெரிசில்லை, நேராகவே வைத்திருக்க வேண்டும். அது உன்னிடம் நடக்காது என்பதுதான் என் கணக்கு. படியில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாய்? கைப்பிடியைப் பிடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். கௌரவம் போய்விடுமோ?

போட்டிகளுக்குப் போவதும் போகாததும் என் சொந்த விஷயம். வயது ஆகிறது, காதில் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. விசிலைப் பீரோவில் போட்டுப் பூட்டியாயிற்று. நடுவர் பஞ்சம் வந்து ஊரில் கூடைப்பந்து நின்றுபோய்விடவில்லை. உன் கேப்டனுக்கு வேறு பேச்சு இல்லையென்றால் பந்தைத் துடைக்கச் சொல்.

ஆபரேஷன் தேதி கொடுத்தார்களா?

அக்கா


மே 14

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். ஏனென்றால் நான் நேரில் திட்டும்போது நீ திடமாக நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் கைப்பிடி பிடிக்காமல் படியிறங்குவது உனக்கு எப்படித் தெரிந்தது? அதைப் பார்த்தது பிசியோ அம்மா ஒருத்திதான். பிடித்துவைத்துக் கேட்டேன். கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "உங்க அக்கா வாரா வாரம் எனக்குப் போன் பண்றாங்கம்மா. நல்லதாச் சொன்னா நீங்க செய்யமாட்டீங்களாம். முடியாதுன்னு எழுதப் போறேன், நீங்களும் கொஞ்சம் சந்தேகமாவே பாருங்கன்னு சொன்னாங்க."

ஆக, ரோஷத்தைக் கிளப்பி என்னைக் குரங்கு மாதிரி ஆட்டி வைத்திருக்கிறாய். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பொய்தானே? அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, இனி ஒரு பயிற்சியும் செய்யமாட்டேன் என்று இரண்டு தலையணையையும் முட்டிக்குக் கீழே தள்ளிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கடைசியில் நானே எழுந்து ஒன்றை உருவிக் குதிகாலுக்குக் கீழே வைத்தேன். உனக்காக இல்லை. கால் என்னுடையது.

ஜூன் 6 தேதி கொடுத்திருக்கிறார்கள். கேப்டன் வரமாட்டாள், அவளை இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்புகிறார்கள். ஆள் இல்லையென்றால் சேர்க்கமாட்டார்கள் என்பது உனக்கு முன்பே எழுதியதுதான். எனக்கு யாரும் வேண்டாம். ஏதாவது செய்துகொள்வேன். நீ வராதே.

ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இறங்கினால் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான், ஆனாலும் வராதே. மூன்றாவது மாடி, எலும்புப் பிரிவு. லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தால் விடிந்துவிடும், படியில்தான் ஏற வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே சேரச் சொல்லியிருக்கிறார்கள். கூட இருப்பவருக்கு ஒரு பெஞ்சு உண்டு, போர்வை தரமாட்டார்கள், நாமே கொண்டுபோக வேண்டும். வராதே என்றால் வராதே.

தங்கை


மே 22

தங்கைக்கு,

நலம். நீ சொன்னபடியே நான் வருவதாக இல்லை.

உன் அத்தான்தான் யாரையும் கேட்காமல் ஜூன் 5 காலை ரயிலுக்கு என் பெயரில் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார். அவர் செய்த தப்புக்கு நான் பொறுப்பாக முடியாது. பணத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, அது உனக்கும் தெரியும்.

நகச்சாயம் பூசியிருந்தால் அழித்துவிடு. காதில் கிடப்பதைக் கழற்றி வை. அன்று காலை ஆபரேஷன் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. நீ பசி தாங்கமாட்டாய், நர்சைக் கடித்துவைக்காதே. எந்தக் கால் என்று பேனாவால் குறி போட வருவார்கள், விளையாட்டுக்குக்கூட மாற்றிக் காட்டாதே.

எட்டாம் வகுப்புப் பிள்ளை பொய்யில்லை. அழுதுகொண்டே செய்தது, அந்த ஒன்றைத்தான் விட்டுவிட்டேன்.

போர்வை கொண்டு வருகிறேன்.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

இங்கே நானும் முட்டியும் நலம். நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை அத்தான் போனில் சொன்னார். மூன்று வாரம் பட்டினி கிடந்தவர் மாதிரிப் பேசினார். சாப்பாட்டுக்கு வழி பண்ணிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ என்னைத் திட்டாத நாள் இல்லை. ஊன்றுகோலைக் கக்கத்தில் அழுத்தாதே என்று திட்டினாய், குளிக்கும்போது கட்டு நனைகிறது என்று திட்டினாய், தூக்கத்தில் காலை மடக்குகிறேன் என்று எழுப்பித் திட்டினாய். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவும் பேசினோம், ஒன்றை மட்டும் இருவரும் பேசவில்லை. நேரில் வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் அன்று காலை. என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார், அந்தக் கட்டை மீசைக்காரர். நீ பின்னால் செருப்புச் சத்தத்தோடு வந்தாய். நான் மேலே ஓடுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. தியேட்டர் கதவில் அவர் வளைத்துத் திருப்பும்போது ஸ்ட்ரெச்சரின் ஓரம் கதவு நிலையில் மோதி, என் இடது கால் போய் மரத்தில் இடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் விசில் சத்தம்.

எனக்கு முதலில் புரியவில்லை. தாழ்வாரம் முழுவதும் அப்படியே நின்றது. ஒரு நர்ஸ் ஊசித் தட்டோடு நின்றாள். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தா எழுந்து நின்றுவிட்டார். மீசைக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தால், நீ வாயில் விசிலோடு, ஒரு கையை நெட்டுக்குத்தாக உயர்த்தி முஷ்டி மடக்கிக்கொண்டு, மறு கையால் அவரைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். "ஃபவுல்" என்றாய். "இடிச்சீங்க. நான் பார்த்தேன். பின்னாடி எடுங்க, நேரா உள்ளே தள்ளுங்க." அந்த மனிதர் நடுங்கிப்போய்ப் பின்னுக்கு இழுத்து, கண்ணாடிப் பாத்திரத்தைத் தள்ளுகிற மாதிரி என்னை உள்ளே தள்ளினார். மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர் எனக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்று கேட்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பீரோவில் போட்டுப் பூட்டின விசில் உன் கழுத்துக்கு எப்படி வந்தது?

நான் பந்தைத் தொட்ட நாளிலிருந்து எத்தனை ஆட்டத்தில் நீ நடுவராக நின்றிருப்பாய். எத்தனை இடி, எத்தனை தள்ளு. எனக்காக நீ ஊதிய முதல் விசில் அது. பிப்ரவரியில் கேட்ட வரியை இனிக் கேட்கப் போவதில்லை. சலித்துவிட்டது. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, அது பத்திரமாக இருக்கிறது.

உன் நம்பரை இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். நீ எழுதினால் போதும்.

தங்கை


ஜூலை 17

தங்கைக்கு,

இருவரும் நலம். அத்தான் உடம்பு தேறிவிட்டது. அவர் பட்டினி கிடக்கவில்லை, ஓட்டல் ஓட்டலாகத் தின்று தொப்பை வைத்திருக்கிறார். நம்பாதே.

அந்த மீசைக்காரர் இடித்தது ஃபவுல். அதனால் ஊதினேன். உனக்காக ஊதவில்லை, யார் கால் இடித்திருந்தாலும் ஊதியிருப்பேன். விசில் பையில் தெரியாமல் வந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு மாவட்டப் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் அணி ஆடுகிற ஆட்டத்துக்கு மட்டும் வேறு ஆளைப் போடச் சொல்லியிருக்கிறேன். இனி எப்போதும் அப்படித்தான்.

என் கடிதங்களை வைத்திருக்கிறாயா, கிழித்துப் போட்டாயா? வைத்திருந்தால் எடுத்து ஒரு முறை படித்துப் பார். நீ ஒற்றைக் காலில் இறங்கினதை எழுதியிருக்கிறேன், உன் கொழுப்பை எழுதியிருக்கிறேன், உன் கேப்டனின் குறட்டையைக்கூட எழுதியிருக்கிறேன். நெட்டையின் கையை நான் பார்க்கவில்லை என்று எதிலாவது எழுதியிருக்கிறேனா பார்.

குதிகாலுக்குக் கீழேதான் தலையணை. இன்னும் ஆறு வாரத்துக்கு.

ஏணிப் பரீட்சைக்குத் தேதி வந்ததும் வராதே என்று எழுது. எந்த மைதானம், எத்தனை மணிக்கு என்பதை அதிலேயே போட்டுவிடு.

அக்கா